பன்னீர் தெளிச்ச ரோபோவும் அம்மா எடுக்காத சந்தனமும் – வாசகர் கடிதம், பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஏர்வாடி பக்கம். இப்ப ராமநாதபுரத்துல எம்.ஏ. படிக்கிறேன். ரெண்டு வருசமா உங்கள படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை.

போன மாசம் எங்க பெரியப்பா மகன் கல்யாணம். மண்டபத்து வாசல்ல வரவேற்புக்கு ரோபோ வச்சிருந்தாங்க. ஆளுயரத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக், அதுக்கு அரக்கு கலர்ல பட்டுப்புடவை சுத்தி தலைல மல்லிப்பூ வச்சு கையில தட்டு குடுத்திருந்தாங்க, தட்டுல சந்தனம் குங்குமம் கல்கண்டு ரோஜாப்பூ. யாரு கிட்ட போனாலும் பொம்பளை குரல்ல "வணக்கம், வாங்க வாங்க"ன்னு சொல்லி லேசா குனிஞ்சு பன்னீர் தெளிக்கும். நகத்துறதுக்கு மட்டும் தூணுக்குப் பின்னாடி ஒரு பையன் போனும் கையுமா நின்னான்.

எங்க அப்பா மீன்புடிக்க வல்லம்னு நாட்டுப்படகு வச்சிருக்காங்க. நேரா அந்தப் பையன்கிட்ட போயி பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும், உப்புக்காத்துல துரு ஏறாதான்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. அம்மா கடல்ல முங்கி பாசி எடுக்கிறவங்க. அது முன்னாடி ஒரு நிமிசம் நின்னு பாத்தாங்க, சந்தனம் எடுக்கல, கைய முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. அண்ணன் உடனே "பொம்பளைங்களுக்கு மெஷின்னாலே பயம்"னு சிரிச்சான். அவன் பிரண்ட்ஸ் அது இடுப்புல கைய போட்டு செல்பி எடுத்தாங்க, ஒருத்தன் கன்னத்த கிள்ளுற மாதிரி போஸ் குடுத்தான். மெஷின்தானே, ஆனா எனக்கு உடம்பு கூசிப்போச்சு. அதே மண்டபத்துல அதே இடத்துல நான் காலேஜ் லீவுல அஞ்சாறு முகூர்த்தத்துக்கு வரவேற்புப் பொண்ணா நின்னிருக்கேன், ஒரு நாளைக்கு 600 ரூவா.

எங்க அத்தை புருசன் இல்லாதவங்க. விசேசத்துல முன்னாடி வரவே மாட்டாங்க. அன்னைக்கு கூட்டம் குறைஞ்சப்புறம் தனியா போயி ரோபோ முன்னாடி நின்னாங்க. அது குனிஞ்சு வணக்கம் சொல்லுச்சு. அத்தை தள்ளிப்போயி திரும்ப வந்தாங்க, திரும்பவும் சொல்லுச்சு. மூணு தடவை. மூணாவது தடவை ஒரு ரோஜாவ எடுத்துக்கிட்டு கண்ண தொடச்சிக்கிட்டே போனாங்க.

ஒரே மெஷின், ஒரே குடும்பம், ஏன்க்கா இப்படி ஆளுக்கொரு மாதிரி? அண்ணன் சொல்றது நெசமா?

இப்படிக்கு,
பேரு போட வேண்டாம்க்கா

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க கடிதத்த மூணு தடவை படிச்சேன். ஒரு தடவை சின்னப்பாலத்துல இருக்கிற எங்க மதினிக்கு சத்தமா படிச்சுக் காட்டுனேன், அவங்களும் பாசி எடுக்கிறவங்கதான், அவங்க சொன்னத கடைசில சொல்றேன்.

முதல்ல அண்ணன் விசயம். அவரு சொல்றதுக்கு ஒத்துப்போற மாதிரி சில கணக்கு இருக்கத்தான் செய்யுது, அத மறைக்க வேண்டாம். 2012ல ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல எல்லாம் ஒரு பெரிய சர்வே எடுத்தாங்க, யூரோபாரோமீட்டர்னு பேரு. ரோபோவ பத்தி நல்ல எண்ணம் இருக்குன்னு நூத்துக்கு 70 பேர் சொன்னாங்க, அதுல ஆம்பளைங்க கணக்கு பொம்பளைங்கள விட கூட. நியூசிலாந்துல ஆக்லாந்துல 2009ல ரத்த அழுத்தம் பாக்குற ரோபோ ஒண்ண வச்சு 40 வயசுக்கு மேலான ஆளுங்ககிட்ட பாத்தப்பவும் வயசு பெருசா வித்தியாசம் காட்டல, ஆம்பளைங்கதான் கொஞ்சம் கூடுதலா ஏத்துக்கிட்டாங்க. அண்ணன் இதோட நிறுத்திக்கிட்டா ஜெயிச்ச மாதிரிதான் தெரியும். ஆனா அதே ஐரோப்பா சர்வேயில இன்னும் ரெண்டு விசயம் இருக்கு. ரோபோவ எப்பவாவது பயன்படுத்தியிருக்கேன்னு சொன்னவங்க நூத்துக்கு 12 பேர்தான், அப்படி பழகுனவங்களுக்கு நல்ல எண்ணம் இன்னும் அதிகம். அடுத்தது, குழந்தைங்க, வயசானவங்க, உடம்புக்கு முடியாதவங்கள பாத்துக்கிற வேலையில ரோபோ வரவே கூடாதுன்னு நூத்துக்கு 60 பேர் சொன்னாங்க. இப்ப யோசிங்க, பழகுறதுக்கு வாய்ப்பு யாருக்கு கிடைக்குது, பிள்ளைக்கு சோறூட்டுறதும் கெழவிக்கு கால் அமுக்குறதும் யார் தலையில இருக்கு? ஒரு மெஷின் வருதுன்னா அது ஒருத்தருக்கு வேடிக்கையாவும் இன்னொருத்தருக்கு தன் வீட்டுக்குள்ள வர்ற விசயமாவும் இருக்கும்போது பதில் எப்படி ஒண்ணா இருக்கும்?

நம்ம பக்கத்தையே எடுத்துக்கங்க. உங்க அப்பா ஏன் பேட்டரிய கேட்டாங்க? எங்க தாத்தா காலத்துல கரையில தெரியிற பனையையும் கோபுரத்தையும் ராத்திரில நட்சத்திரத்தையும் பாத்து வல்லம் ஓட்டுனாங்க, அதுக்கப்புறம் ஜிபிஎஸ் வந்துச்சு, தண்ணிக்குள்ள ஆழத்தையும் மீனையும் காட்டுற எக்கோ சவுண்டர் வந்துச்சு, வயர்லெஸ் வந்துச்சு, ஒவ்வொண்ணையும் உப்புத்தண்ணி தின்னு தீக்கிறத பாத்து பாத்து கழட்டி மாட்டித்தான் அந்தக் கை பழகியிருக்கு. அதனால புடவை கட்டுன ரோபோவும் அவங்களுக்கு இன்னொரு எக்கோ சவுண்டர்தான், முதல் கேள்வியே துரு. அந்தக் கேள்வி கேக்குற தைரியம் ரத்தத்துல வந்ததில்ல. நம்ம கரையில மீனுக்குப் போற வல்லத்துல பொம்பளைங்கள பொதுவா ஏத்துறதில்ல, ஏறாதவங்களுக்கு ஜிபிஎஸ்ஸ தொட்டுப் பாக்க என்ன வேலை? வீட்டுல மோட்டார் ரிப்பேர்னா ஸ்க்ரூடிரைவர எடுத்து யார் கையில குடுக்குறோம், எட்டு வயசுப் பையன் கையிலதான குடுக்குறோம், பதினஞ்சு வயசு அக்காகாரிய டார்ச் புடிக்கத்தான சொல்றோம். முப்பது வருசம் டார்ச் புடிச்சவங்கள பாத்து மெஷின்னா பயம்னு சொல்றது எனக்கு ஆத்திரமா வருது, மன்னிச்சிக்கங்க.

இன்னொண்ணு, உங்கம்மாவ பயந்தவங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்க பாக்குற வேலைய அண்ணன் ஒரு நாள் பாக்கணும். அமாவாசை பௌர்ணமிய ஒட்டி மாசத்துல பத்துப் பன்னெண்டு நாள், கண்ணாடிய மாட்டிக்கிட்டு விரல்ல துணிக்கிழிசல சுத்திக்கிட்டு, சிலிண்டர் கிடையாது ஒண்ணும் கிடையாது, மூச்ச புடிச்சு முங்கி பாறையில இருந்து மரிக்கொழுந்துப் பாசிய பிச்செடுக்கிறாங்க. சின்னப்பாலத்துல இப்படி பாசி எடுக்கிற ஒரு அம்மாவுக்கு 2015ல சீகாலஜின்னு ஒரு அமெரிக்க அமைப்பு குடுக்குற விருது கிடைச்சுச்சு, கடலையும் காப்பாத்தி தங்க பொழப்பையும் காப்பாத்துறதுக்காகப் போராடுனதுக்கு. அப்படிப்பட்டவங்க ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு பயந்துட்டாங்கன்னு என்னால நம்ப முடியல.

பழக்கம்னு சொன்னேன்ல, கீழக்கரையில எனக்குத் தெரிஞ்ச ஒரு சபுராளி குடும்பம், அதாவது வெளிநாடு போயி சம்பாதிக்கிற குடும்பம் இருக்கு. அந்த வீட்டு காக்கா, அங்க அண்ணன அப்படித்தான் கூப்புடுவாங்க, துபாய்ல பல வருசம் இருந்தவரு. துபாய் மெட்ரோ 2009ல ஓட ஆரம்பிச்சதுல இருந்தே டிரைவர் கிடையாது, தினம் அதுலதான் வேலைக்குப் போயி வந்தாரு. ஊருக்கு வந்தப்ப ஒரு கடைத் திறப்பு விழாவுல இதே மாதிரி ரோபோ நின்னுச்சாம், மொத்தக் கூட்டமும் சுத்தி நிக்க இவரு திரும்பிக்கூட பாக்காம பஜ்ஜி வாங்கப் போயிட்டாரு. வந்து பாருங்கன்னு கூப்புட்டதுக்கு, ஆளே இல்லாத ரயில்ல அத்தனை வருசம் உக்காந்து வந்தவனுக்கு இதென்னத்தான்னுட்டாரு. அவரு கூடவே ஒருக்கா துபாய் போயிட்டு வந்த அவங்க வீட்டம்மாவும் அப்படியேதான். இதுல ஆம்பளை பொம்பளை எங்க வந்துச்சு?

ஜப்பான்காரங்கன்னா ரோபோவ தலைல வச்சு கொண்டாடுவாங்கன்னு நாம எல்லாரும் நினைச்சிட்டு இருக்கோம், நானும் நினைச்சிருந்தேன். பார்ட்னெக்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் ஏழு நாட்டு ஆளுங்ககிட்ட கேட்டு 2007ல எழுதுனாங்க, ஜப்பான்காரங்க அப்படி ஒண்ணும் விசேசமா ரோபோவ கொண்டாடல, இது சமுதாயத்த என்ன செய்யுமோங்கிற கவலை அவங்களுக்கு நெறைய இருந்துச்சு. கிட்டத்துல இருந்து பாக்குறவங்களுக்கு நல்லதும் தெரியும் கெட்டதும் தெரியும். நம்ம ஊர்ல விசைப்படக பத்தி நாட்டுப்படகுக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க, புரியும்.

இப்ப நீங்க கூசிப்போனதுக்கு வர்றேன். அதுக்கு புடவை கட்டுனது யாரு? அந்த மெஷின் ஆணும் கிடையாது பொண்ணும் கிடையாது, மோட்டாரும் சென்சாரும் பிளாஸ்டிக்கும். வாசல்ல நின்னு சிரிச்சு பன்னீர் தெளிக்கிற வேலை பொண்ணுங்களோடதுன்னு நாம ஏற்கனவே முடிவு பண்ணி வச்சிருக்கோம், அதனால அந்த வேலைக்கு வந்த மெஷினுக்கும் புடவை வந்துருச்சு. அதே கம்பெனிக்காரங்க நாளைக்கு ஒரு பேங்க் வாசல்ல செக்யூரிட்டிக்கு ரோபோ வச்சா மீசை வரைஞ்சிருவாங்க. ஜெர்மனில 2012ல அய்செல், ஹேகல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரே ரோபோத் தலைக்கு முடிய மட்டும் மாத்தி படத்த காட்டுனாங்க. நீளமுடி வச்சத பாத்தவங்க இது பாசமானது, பிள்ளைங்கள முடியாதவங்கள பாத்துக்கிற வேலைக்கு நல்லாருக்கும்னாங்க, முடிய குட்டையாக்கி காட்டுனா இது அதிகாரமானது, ரிப்பேர் வேலைக்கு சரியா வரும்னாங்க. வெறும் முடிதான் மாறுச்சு! அதுக்கு முன்னாடி 1997லயே கிளிஃபர்ட் நாஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் கூட்டாளிங்களோட சேந்து கம்ப்யூட்டருக்கு ஆம்பளை குரல் ஒரு தடவை பொம்பளை குரல் ஒரு தடவை குடுத்துப் பாத்தாரு, பாராட்டுனது ஆம்பளை குரலா இருந்தா சனங்க அத கூடுதலா மதிச்சாங்க, காதல் கல்யாணம் மாதிரி விசயம்னா பொம்பளை குரலுக்குத்தான் கூட தெரியும்னாங்க. கம்ப்யூட்டருக்கு ஆணேது பொண்ணேதுன்னு அவங்களுக்கும் தெரியும், தெரிஞ்சும் அப்படித்தான்.

பாஸ்டன் சயின்ஸ் மியூசியத்துல 2009ல நடந்தது ஒண்ணு இருக்கு, உங்க மண்டபத்து வாசல் மாதிரியே. ஒரு ரோபோ வந்தவங்ககிட்ட நன்கொடை கேட்டுச்சு, சில நேரம் ஆண் குரல்ல, சில நேரம் பெண் குரல்ல. ஆம்பளைங்க பெண் குரல்ல கேட்டா கூடுதலா குடுத்தாங்க. பொம்பளைங்ககிட்ட அப்படி பெரிய வித்தியாசம் தெரியல. அண்ணனோட பிரண்ட்ஸ் யாரும் அது மோட்டார்ங்கிறத மறந்து இடுப்புல கை போடல, மோட்டார்னு தெரிஞ்சதாலதான் போட்டாங்க, அது திரும்பி முறைக்காது, யாருகிட்டயும் சொல்லாது. 2019ல யுனெஸ்கோ இதே மாதிரி ஒரு விசயத்த எடுத்து ஒரு அறிக்கையே போட்டுச்சு. போன்ல பேசுற உதவியாளர் குரல் எல்லாம் பொண்ணு குரலாவே வச்சு, அசிங்கமா திட்டினாலும் குழைஞ்சு பதில் சொல்ற மாதிரி செஞ்சா, பொண்ணுங்க எதையும் பொறுத்துக்குவாங்கங்கிற நெனப்ப இது இன்னும் கெட்டியாக்குதுன்னு. பிளாஸ்டிக்குக்கு வலிக்காது தங்கச்சி. அந்தக் கை நாளைக்கு யாரு பக்கம் நீளும்னு உங்க உடம்புக்குத் தெரியும், ஏன்னா அந்த இடத்துல நீங்க நின்னிருக்கீங்க. நீங்க கூசுனது சரி. அதுக்காக வெக்கப்படாதீங்க.

அந்த 600 ரூவா பத்தி நீங்க ஒரு வரிதான் எழுதுனீங்க, எனக்கு அதுதான் மனசுல நின்னுச்சு. நாலு மணி நேரம் ஹீல்ஸ் போட்டு நின்னு, கண்டவன் பேச்செல்லாம் கேட்டு, சிரிச்ச மூஞ்சி வாடாம இருந்து சம்பாதிச்ச காசு. அந்த அவமானம் போச்சுன்னு ஒரு நிம்மதியும் ஃபீஸ் கட்டுற காசு போச்சேன்னு ஒரு பதற்றமும் ஒண்ணா வந்திருக்கும். எங்க பாம்பன்லயும் இதுதான். பழைய பாலம் 1914ல கட்டினது, கப்பல் வந்தா தூக்குப்பாலத்த ஆளுங்க கம்பிய புடிச்சு சுத்திச் சுத்தித்தான் தெறப்பாங்க. 2025 ஏப்ரல்ல தெறந்த புது பாலத்துல 72.5 மீட்டர் நீள இரும்புப் பாலம் மோட்டார்ல அப்படியே 17 மீட்டர் மேல போகுது. டூரிஸ்ட்டு வீடியோ எடுக்கிறான். எங்க தெருவுல ஒரு பெரியவரு அத பாத்துட்டு தோள்பட்டைய தடவிக்கிட்டே நின்னாரு, சந்தோசமா வருத்தமான்னு அவரு மூஞ்சில கண்டுபிடிக்க முடியல.

நான் இதுல கேக்குறது ஒண்ணுதான், ரிமோட் யாரு கையில? 2022ல ஐஐடி மெட்ராஸ் ஹோமோசெப்னு செப்டிக் டேங்க் சுத்தம் பண்ற ஒரு ரோபோவ வெளிய கொண்டுவந்தாங்க, மனுசன் உள்ள எறங்கி விசவாயுல சாகக் கூடாதுன்னு. முதல் ரெண்டு மெஷினையும் அந்த வேலையில புருசன பறிகுடுத்த பொம்பளைங்க முன்ன நின்னு நடத்துற சுய உதவிக் குழுக்கள்கிட்ட குடுத்தாங்க. அந்தம்மாக்கள்கிட்ட போயி பொம்பளைங்களுக்கு மெஷின்னா பயமான்னு உங்க அண்ணன் கேக்கட்டும். புருசன கொன்ன குழிக்குள்ள இனி எவனும் எறங்க வேண்டாம்னு அந்த மெஷின பாத்து நிக்கிறவங்களுக்கு அது பொம்மையும் இல்ல பூச்சாண்டியும் இல்ல. உங்க மண்டபத்துலயும் தூணுக்குப் பின்னாடி நின்னது ஒரு பையன்தான் பாருங்க. வாசல்ல நின்ன பொண்ணுங்கள்ல ஒருத்திய கூப்புட்டு இத ஓட்டக் கத்துக்கம்மான்னு சொல்லணும்னு யாருக்கும் தோணல.

அத்தைய பத்தி எழுத ஆரம்பிச்சு ரெண்டு தடவை நிறுத்திட்டேன். எங்கம்மாவும் அப்படித்தான் இருந்தாங்க. என் கல்யாணத்துல எங்கம்மா தாலி கட்டுற நேரத்துல அடுப்படிப் பக்கம் பாத்திரம் எண்ணிக்கிட்டு நின்னாங்க, யாரும் போகச் சொல்லல, யாரும் வான்னும் சொல்லல. சந்தனத் தட்டோட நிக்கிற பொண்ணு நல்ல பொண்ணாத்தான் இருப்பா, அத்தை வந்தாலும் தட்ட நீட்டத்தான் செய்வா, ஆனா நீட்டுறதுக்கு முன்னாடி அவ கண்ணு ஒரு நொடி நெத்திக்குப் போகும், கழுத்துக்குப் போகும், தட்டு ஒரு இஞ்ச் தயங்கும். அந்த ஒரு இஞ்ச்சுக்கு பயந்துதான் இவங்கல்லாம் வாசப்பக்கமே வர்றதில்ல. ரோபோவோட சென்சாருக்கு இத்தனை அடி தூரத்துல ஏதோ வந்திருக்குன்னு மட்டும்தான் தெரியும். அத்தை மூணு தடவை போயி வந்தது விளையாட்டு இல்ல தங்கச்சி, முதல் தடவை தெரியாம சொல்லிருச்சோன்னு சந்தேகம், ரெண்டாவது தடவை நெசந்தானான்னு, மூணாவது தடவைதான் பூவ எடுத்திருக்காங்க.

அமெரிக்காவுல தெற்கு கலிபோர்னியா யுனிவர்சிட்டில 2014ல ஒண்ணு செஞ்சாங்க. திரையில ஒரு கம்ப்யூட்டர் உருவம் வந்து ஆளுங்ககிட்ட சொந்த விசயம் எல்லாம் கேக்கும். சிலர்கிட்ட இது தானா இயங்குது, பின்னாடி ஆளில்லன்னு சொன்னாங்க, சிலர்கிட்ட பின்னாடி ஒரு ஆள் இருந்து இயக்குறாருன்னு சொன்னாங்க. ஆளில்லன்னு நம்புனவங்க பயப்படாம மனசுல கிடந்தத சொன்னாங்க, சோகத்த மூஞ்சில அதிகமா காட்டுனாங்க. எடைபோடுற கண்ணு இல்லன்னதும் மனசு எறங்கி வருது. அத்தைக்கும் அதுதான் நடந்துச்சுன்னு நெனக்கிறேன். அதுக்காக ரோபோ நம்மள விட நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு அதே சென்சாருக்கு பதிலா கேமரா வச்சு, யாருக்கு குனியணும் யாருக்கு வேண்டாம்னு ஒரு லிஸ்ட ஏத்திவிட்டா அதையும் அப்படியே செய்யும், ஒரு இஞ்ச் கூட தயங்காம. அடுத்த கல்யாணத்துல நீங்க தட்டு ஏந்த வேண்டி வந்தா முதல்ல அத்தைகிட்ட போங்க, அவ்வளவுதான் கேக்குறேன்.

இப்ப மதினி சொன்னது. உங்கம்மா சந்தனம் எடுக்காத இடத்த படிச்சப்ப மதினி பாத்திரம் கழுவுறத நிறுத்திட்டாங்க. "அவ கை எப்புடி இருந்துச்சாம்?"னு கேட்டாங்க. அதெல்லாம் எழுதலையேன்னேன். மதினி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனாங்க, பாறையும் சிப்பியும் கிழிச்ச கோடு கோடா. "இந்தக் கையில பன்னீர் பட்டா சுரீர்ங்கும், ஒரு மணி நேரம் எரியும். எந்த கல்யாணத்துக்குப் போனாலும் வேணாம்னு சொல்லத்தான் தோணும். ஆனா புடவையக் கட்டிக்கிட்டு ஒரு சின்னப்புள்ள சிரிச்சுக்கிட்டு நிக்கும்போது வேணாம்னா அது மூஞ்சி சுண்டிப்போகும்ல, அதுக்காக எரிஞ்சாலும் வாங்கிக்கிறது. மெஷினுக்கு மூஞ்சியா சுண்டப்போகுது? அவ கைய உள்ள வச்சிட்டுப் போயிருப்பா."

எனக்கு இது தோணவே இல்ல. இத்தனை வருசம் மதினி என் வீட்டு விசேசத்துல பன்னீர வாங்கி நெத்தியில தடவிக்கிட்டத பாத்திருக்கேன், எரியுதான்னு ஒரு தடவை கேட்டதில்ல. உங்கம்மாவுக்கும் அதுதான் காரணமான்னு எனக்கென்ன தெரியும், நீங்களே அவங்ககிட்ட கேளுங்க, அண்ணனையும் பக்கத்துல வச்சிக்கிட்டு கேளுங்க. கேட்டுட்டு எழுதுங்க, மதினி தினம் விசாரிக்கிறாங்க.

அன்புடன்,
அக்கா
பாம்பன்